கோடு போட்டவரும் படித்தவரும்

"ஏனுங்க மேடம், மேல போறதுக்கு முன்னால ஒரு பேச்சுங்க."

லோகப்பிரியா மாடிப்படியின் பாதியில் நின்று திரும்பினாள். நான்கு படி கீழே, ஒரு கையில் டிபன் போசியும் மறு கையில் செருப்புமாக பழனியாத்தாள் நின்றிருந்தாள். அறுந்த வாரை ஊக்கு போட்டுச் சேர்த்திருந்தாள். அந்த ஊக்கும் கழன்றுவிட்டது போலும். கீழே லேத் பட்டறையில் முதல் மெஷின் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை, காலை எட்டே முக்கால்.

"சொல்லுங்கக்கா."

"வெள்ளிக்கெழம நாம கையெழுத்துப் போட்டமில்லீங்க, அந்தத் தாளு. அதுல ஒரு எடத்துல நான் போகலீங்க."

"போகலைன்னா? எல்லாத்துக்கும் கோடு போட்டாச்சே."

"கோடு இருக்குதுங்க. ஆனா நான் பாத்துப் போகல. கை தானாப் போயிருச்சு."

"எந்த எடம்?"

"பவர் லைனுங்க. ஏழாந்தாளும் எட்டாந்தாளும் ஒட்டற எடம். அங்க நின்னு ரெண்டு ஓரத்து நம்பரையும் சொல்லோணுமில்லீங்க? நான் சொல்லல. நீங்களும் கேக்கல."

கடைசிச் சொல்லை லோகப்பிரியா கேட்டும் கேட்காதது போல இருந்தாள்.

"ரசாக் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தாருங்களே அக்கா. எல்லாம் சேந்திருக்குன்னுதான வந்துச்சு."

"வந்துச்சுங்க."

"அப்புறம் என்ன?"

"கம்ப்யூட்டர் பாத்ததுக்கு அதுவே கையெழுத்துப் போட்டுக்கட்டுங்க. நான் பாத்ததுக்குத்தானுங்க நான் போட்டேன். ரெண்டு நாளா சோறாக்கையில, துணி தொவைக்கையில அந்த எடமே கண்ணுல நிக்குது. அந்த ஒட்டைத் தாண்டி அக்கட்டால போன நெனப்பே எனக்கு இல்லீங்க."

"இன்னைக்கு மூணு மணிக்கு கூரியர் போகுதுக்கா."

"அதனாலதானுங்க படியிலயே புடிச்சேன்."

'சாரிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா' என்று அந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டும். லோகப்பிரியா கேட்கவில்லை. "சரி, மேல போலாம்" என்று மட்டும் சொன்னாள். பழனியாத்தாள் செருப்பைக் கையில் பிடித்தபடியே பின்னால் ஏறி வந்தாள்.

அது 1996, ஆகஸ்ட் மாதம். கணபதியில் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்தில், லேத்துகளுக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. மொத்தம் ஆறு பேர். அடுத்தவர்களுக்குச் சின்னச் சின்ன சிப்புகளை வரைந்து கொடுப்பது தொழில். அந்த மாதம் கையில் இருந்தது நூற்பாலை மெஷின்களுக்கான ஒரு சிப். ஓடுகிற நூல் அறுந்தால் அந்த நொடியே மெஷினை நிறுத்த வேண்டும். பெங்களூரில் ஒரு கம்பெனிக்காகச் செய்தார்கள்; வரைந்தது கூரியரில் அங்கே போனால் அவர்கள் சிப்பைத் தயாரிப்பார்கள்.

சிப் என்பது நகத்தின் அளவுகூட இல்லாதது. அதற்குள் ஓடும் கம்பிகளை ஐந்நூறு மடங்கு பெரிதாக்கிப் பன்னிரண்டு நீளத் தாள்களில் அச்செடுத்து, வரிசையாக ஒன்றன் ஓரத்தை மற்றொன்றின் மேல் ஏற்றி ஒட்டினால் இரட்டைக் கட்டில் அகலத்துக்கு ஒரு படம் வரும். சிவப்பு, பச்சை, நீலம் என்று அடுக்குக்கு ஒரு நிறம். ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்குக் கம்பி இறங்கும் இடத்தில் கறுப்பாக ஒரு சின்னக் கட்டம். வடிவமைப்பில் எது எதோடு சேர வேண்டும் என்று இருக்கிறதோ அதெல்லாம் இந்தப் படத்தில் உண்மையாகவே சேர்ந்திருக்கிறதா, சேரக்கூடாதது எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வடிவமைப்பைப் பார்த்து இணைப்புகளை ஒவ்வொன்றாகப் படிப்பார். மற்றவர் அந்தக் கம்பியைப் படத்தில் கண்டுபிடித்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை கலர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போவார். போய்ச் சேர்ந்ததும் "வந்தாச்சு" என்பார். படிப்பவர் தன் தாளில் ஒரு டிக் போடுவார்.

படிப்பது லோகப்பிரியாவின் வேலை. இன்ஜினியரிங் முடித்து வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கோடு போடுவது பழனியாத்தாளின் வேலை. டிப்ளமோ படித்தவள், லோகப்பிரியாவை விட ஐந்து வயது மூத்தவள். ஓரங்களில் இருப்பதை நின்றபடியே போடலாம். நடுவில் கை எட்டாது. அதற்காக மேஜையின் குறுக்கே இரண்டு ஸ்டூல்களின் மேல் ஒரு பலகையைப் போட்டு வைத்திருந்தார்கள். பழனியாத்தாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பலகையில் குப்புறப் படுப்பாள். முகத்துக்கும் தாளுக்கும் ஒரு ஜாண்தான் இடைவெளி இருக்கும். கீழே லேத் ஓடும்போதெல்லாம் பலகை மெல்ல அதிரும். அப்படியே காலையில் மூன்று மணி நேரம், மத்தியானம் மூன்று மணி நேரம். இறங்கும்போது கழுத்தைத் திருப்ப மாட்டாள். உடம்பையே திருப்பித்தான் பேசுவாள்.

"பழனி, உனக்கு ஒரு தலகாணி வாங்கித் தரட்டுமா?" என்பான் ரசாக். கம்ப்யூட்டர் அவன் பொறுப்பு.

"தலகாணி குடுத்தீங்கன்னா தூங்கிப்போடுவனுங்க. அப்புறம் உங்க கம்ப்யூட்டரத் தூக்கியாந்து பலகை மேல படுக்க வெக்கோணும்."

"அது படுத்தா எந்திரிக்காது."

"இப்ப மட்டும் எந்திரிச்சா நிக்குது?"

இவ்வளவு பேசுகிறவள் தன் வீட்டைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. லோகப்பிரியாவும் கேட்டதில்லை. துண்டு துண்டாகத் தெரிந்ததுதான்: பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா தோட்டங்களில் கூலிக்குப் போனவர். அம்மா இன்னும் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கப் போகிறாள். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி. ஒரு பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு. காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, ஊரிலிருந்து பல்லடம் ஒரு பஸ், பல்லடத்திலிருந்து காந்திபுரம் ஒரு பஸ், அங்கிருந்து கணபதிக்கு ஒரு டவுன் பஸ். திரும்பும்போது அதே மூன்று. உட்கார இடம் கிடைத்தால் அன்று கொஞ்சம் பேசுவாள். கிடைக்காத நாளில் வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு நேரே பலகை ஏறுவாள்.

இரண்டு வருடமாக அவள் தற்காலிகம். இந்த சிப்பை நல்லபடியாக முடித்து அனுப்பியதும் நிரந்தரம் செய்து ஆர்டர் தருவதாக முதலாளி லட்சுமணசாமி சொல்லியிருந்தார். அந்த ஆர்டருக்காக அவள் காத்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி சென்னியப்பன் என்ற ரிட்டயர்டு மில் தொழிலாளி ஒருவர் வீட்டின் பின்கட்டை வாடகைக்கு விடுவதாக இருந்தார். அதற்கு முன் பழனியாத்தாள் அந்தத் தெருக்களில் ஏழு வீடு கேட்டிருந்தாள். எந்த ஊர், அங்கே எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு ஏழு பேரும் வீடு ஏற்கனவே பேசியாகிவிட்டது என்றார்கள். சென்னியப்பன் தெருவைக் கேட்கவில்லை. "கம்பெனி லெட்டர் கொண்டாம்மா, சாவி தாரேன்" என்று மட்டும் சொன்னார். மாதக் கடைசி வரை பொறுப்பதாகவும் சொன்னார். லோகப்பிரியாவிடம் பழனியாத்தாள் தானாகச் சொன்ன விஷயம் இது ஒன்றுதான். சொன்னபோது சிரித்தாள். "பாப்பா எந்திரிக்கறப்ப நானும் ஊட்டுல இருப்பனுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை நடந்தது இவ்வளவுதான். அன்று மாலைக்குள் முடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு மணிக்கு மீதி இருந்தது பவர் லைன், அதாவது சிப் முழுவதற்கும் மின்சாரம் கொண்டுபோகும் அகலமான நீலப்பட்டை. அது ஓர் ஓரத்தில் தொடங்கிப் படத்தின் குறுக்கே மறு ஓரம் வரை போகும். எங்கும் பிரியாமல் நேராகப் போவதால் எளிது என்று கடைசிக்கு வைத்திருந்தார்கள். பெயரும் அதன் மேல் அங்கங்கே பெரிதாக அச்சாகியிருக்கும்.

ஒரு வழக்கம் உண்டு. ஒட்டுக்கு வந்தால் கோடு போடுபவர் பென்சிலைத் தூக்கி, இந்தத் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நம்பரையும் அந்தத் தாளின் ஓரத்து நம்பரையும் சொல்ல வேண்டும். ஒட்டும்போது ஒரு தாள் கூடுதலாக ஏறியிருந்தால் நம்பர் ஒத்துப்போகாது. சொல்ல மறந்தால் படிப்பவர் கேட்க வேண்டும். முதல் ஆறு ஒட்டுகளில் பழனியாத்தாள் சொன்னாள். ஏழாவதில் சொல்லவில்லை. ஐந்து மணி டவுன் பஸ்ஸை விட்டால் பல்லடம் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. லோகப்பிரியா தன் தாளில் பவர் லைனின் பெயரைப் படித்தாள். பென்சில் அந்தப் பெயர் அடுத்து எழுதியிருந்த இடத்துக்கே போய்விட்டது. மீதி ஒட்டுகளில் நம்பர் சொல்லி மறு ஓரமும் சேர்ந்தாயிற்று. "வந்தாச்சுங்க" என்றது பலகையிலிருந்து குரல். லோகப்பிரியா டிக் போட்டாள். அவளும் களைத்துத்தான் இருந்தாள். இருவரும் கையெழுத்திட்டார்கள்.

திங்கட்கிழமை மேலே போனதும் பழனியாத்தாள் நேராக லட்சுமணசாமியின் மேஜைக்குப் போனாள். படியில் சொன்னதையே சொன்னாள். "நீங்களும் கேக்கல" என்ற சொல்லை மட்டும் அங்கே சொல்லவில்லை.

லட்சுமணசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா பழனி, வெள்ளிக்கெழம தூங்கிட்டு திங்கக்கெழம முழிக்கிறியா?"

"ஒட்டைப் பிரிச்சு ஒருக்காப் பாத்துப்போடலாமுங்க சார்."

"பிரிச்சா தாள் கிழியும். மறுபடி அச்செடுக்கோணும். ரசாக், உன்ற கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"எல்லாம் ஒண்ணாச் சேந்திருக்குங்க சார்."

லட்சுமணசாமி லோகப்பிரியா பக்கம் திரும்பினார். "நீங்க என்ன அம்மணி சொல்றீங்க?"

லோகப்பிரியா, "பாத்துட்டா நல்லதுங்க சார்" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். லட்சுமணசாமி சரி என்று கையசைத்தார்.

பழனியாத்தாள் பிளேடை எடுத்து ஒட்டைக் கீறினாள். எட்டாவது தாளின் ஓரம் வேண்டியதை விட இரண்டு மில்லிமீட்டர் அதிகமாக ஏறியிருந்தது. அதைத் தூக்கியதும் அடியில் இருந்தது தெரிந்தது. இடப்பக்கத்திலிருந்து வந்த நீலப்பட்டை அங்கே நின்றுவிட்டது. வலப்பக்கத்துப் பட்டை இரண்டு மில்லிமீட்டர் தள்ளித் தொடங்கியது. நடுவே வெறும் வெள்ளைத் தாள். சிப்பின் ஒரு பாதியை ஒருவரும் மறு பாதியை இன்னொருவரும் வரைந்திருந்தார்கள். அவரவர் எல்லையில் அவரவர் நிறுத்தியிருந்தார்கள். அப்படியே போயிருந்தால் சிப்பின் பாதிக்கு மின்சாரமே போயிருக்காது.

கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது.

"ரசாக்," என்றார் லட்சுமணசாமி.

ரசாக் ஏற்கனவே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம் கழித்துத் தலையில் கை வைத்தான். "செட்டிங்குங்க சார். ரெண்டு பாதியும் தனித்தனியா வரையறப்ப லைன் சேராம இருந்துச்சு, சும்மா தப்புத் தப்புன்னு கத்திட்டே இருந்துச்சு. அதனால ஒரே பேர் இருந்தா சேந்திருக்கறதா எடுத்துக்கோன்னு போட்டு வெச்சேன். திருப்பி எடுக்க மறந்துட்டேன்."

"பேரு ஒண்ணா இருந்தாப் பங்காளின்னு அதும் நம்பிக்கிச்சாக்கும்," என்றாள் பழனியாத்தாள்.

ரசாக் மட்டும் சிரித்தான். லோகப்பிரியாவுக்குத் தன் முதல் நாள் நினைவு வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் லட்சுமணசாமி அவள் அப்பாவின் ஊரைக் கேட்டு, எந்தக் குலக் கூட்டம் என்று கேட்டு, தன் மனைவியின் கூட்டமும் அதுதான் என்று கண்டுபிடித்து, "அப்ப நம்மூட்டுப் புள்ளையாச்சே!" என்று காபி வரவழைத்தார். அதற்கு முன் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தது கூட இல்லை. பழனியாத்தாளிடம் ஊரையும் தெருவையும் மட்டும் கேட்டதாகச் சொல்வார்கள். அதற்கு மேல் எதையும் கேட்க அவருக்குத் தேவைப்படவில்லை.

கூரியரை நிறுத்தினார்கள். ரசாக் பட்டையைச் சேர்த்து, செட்டிங்கை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினான். பழனியாத்தாள் பலகையில் ஏறி அந்த ஒரு லைனை முதலிலிருந்து போட்டாள். ஒவ்வொரு ஒட்டிலும் இருவரும் நம்பரைச் சொல்லிக்கொண்டார்கள். லட்சுமணசாமி பெங்களூருக்கு போன் செய்தார். தாமதத்துக்குக் காரணம் எழுத்தில் வேண்டும், மாலைக்குள் பேக்ஸ் வர வேண்டும், வந்தால்தான் சிப் தயாரிக்கும் அடுத்த முறைக்கு இடம் ஒதுக்குவோம் என்றார்கள். போனை வைத்துவிட்டு அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபத்தை விட அலுப்புத்தான் தெரிந்தது.

ஆங்கிலத்தில் கடிதம் என்றால் அங்கே லோகப்பிரியாதான். கான்வென்டில் படித்தவள். லட்சுமணசாமி தமிழில் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்.

"ரசாக்கோட செட்டிங்க எழுதோண்டாம் அம்மணி. கம்ப்யூட்டரயே ஒழுங்கா ஓட்டத் தெரியாதவன்னு நெனச்சா அடுத்த வேலை வராது. தாள்ல பாக்கறப்ப கோடு போட்டவங்க ஒட்டுல நிக்காம விட்டுட்டாங்க, மறுபடி பாத்துச் சரி பண்ணிட்டோம். அவ்வளவு போதும்."

"யார் கண்டுபிடிச்சதுன்னு…"

"நாம கண்டுபிடிச்சோம். சுருக்கமா அடிங்க."

அவள் சுருக்கமாக அடித்தாள். நல்ல ஆங்கிலம்தான், ஒரு பிழை கிடையாது. கோடு போட்டவர் விட்டுவிட்டார் என்று இருந்தது. விட்டவரே வந்து சொன்னார் என்று இல்லை. கடிதத்தில் வேறு ஆளே இல்லை.

நாலரை மணிக்கு அது பேக்ஸில் போனது. லோகப்பிரியா அடித்தபடியே போனது.

சிப் அடுத்த முறையில் தயாராகி வந்து நன்றாகவே ஓடியது. லட்சுமணசாமி எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். அதற்கெல்லாம் முன்பே, அந்த ஆகஸ்ட் கடைசியில் ஆர்டரைப் பற்றிப் பழனியாத்தாள் போய்க் கேட்டபோது, "நீ வந்து சொன்னது நல்லதுதாம்மா, நான் இல்லீங்கல. ஆனா எழுத்துல உன்ற தப்புன்னு போயிருச்சே. அடுத்த சிப்பு முடியட்டும்" என்றார். சென்னியப்பன் மாதக் கடைசி வரை பொறுத்தார். அதற்கு மேலும் நான்கு நாள் பொறுத்துவிட்டு ஒரு பாங்க் குமாஸ்தாவுக்கு விட்டார். லோகப்பிரியாவிடம் எந்தக் கேள்வியும் யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைத் தாளில் அவளுடைய கையெழுத்தும் இருந்தது. மறு வருடம் அவளுக்குச் சம்பள உயர்வு வந்தது.

பழனியாத்தாள் மேலும் இரண்டரை வருடம் மூன்று பஸ் மாறி வந்து கோடு போட்டாள். பேச்சில் குறை வைத்ததில்லை. ரசாக்கை வாரிக்கொண்டேதான் இருந்தாள். லோகப்பிரியா படிக்கும்போது மட்டும் ஒட்டு வந்தால், கேட்காமலே இரண்டு நம்பரையும் இரண்டு தடவை சொல்வாள். 1999இல் சூலூர்ப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் பேனல் சோதிக்கும் வேலை கிடைத்துப் போனாள். உட்கார்ந்து பார்க்கிற வேலை, ஒரே பஸ் என்றாள். கடைசி நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு படி இறங்கினாள். லோகப்பிரியா ஜன்னலில் நின்று, அவள் சந்து முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று இருந்தது. கூப்பிடாமலே மேஜைக்குத் திரும்பினாள்.

அந்த ஆகஸ்ட் திங்கட்கிழமை, கடிதம் பேக்ஸுக்குப் போவதற்கு ஒரு கால் மணி நேரம் முன்பு, பழனியாத்தாள் பலகையிலிருந்து இறங்கி பிரிண்டர் பக்கம் வந்தாள். தாளை எடுத்தாள். அவளுக்கு ஆங்கிலம் வராது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வரும், மெதுவாக வரும். வரிக்கு வரி விரலை வைத்து, உதடு அசையப் படித்தாள். படித்து முடிக்கும் வரை லோகப்பிரியா விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்."

"சொல்லுங்கக்கா."

"ஆர்டர் கெடைக்கறதும் கெடைக்காததும் சார் பாடுங்க. எனக்காக நீங்க போயிப் பேசோணுமுன்னு கேக்கல." தாளை மேஜையில் வைத்து, சுருண்ட ஓரத்தைக் கையால் நீவினாள். "இதை யாரு எடுத்துப் படிச்சாலும் அந்த மேசைல நான் ஒருத்தியே இருந்தாப்பல இருக்குது. படிக்கறதுக்கும் ஒருத்தர் கூட இருந்தாங்கன்னு ஒரு வரி சேத்துப்போடுங்க. உங்க பேரு வேண்டாமுங்க. ஒருத்தர் இருந்தாங்கன்னு இருந்தாப் போதும்."